சைக்கிளுக்கு எத்தனை ஏத்தம்

போன ஆயுத பூஜையன்று நான் வேலை பார்த்த பழைய இரும்பு மில்லுக்குப் போயிருந்தேன். ரிட்டயர் ஆனவர்களையும் குடும்பத்தோடு கூப்பிட்டுப் பொரியும் இனிப்பும் கொடுத்து அனுப்புகிற நல்ல வழக்கம் கும்மிடிப்பூண்டியில் சில கம்பெனிகளில் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு உலை அணைந்திருக்கும். மோட்டார்களைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்திருப்பார்கள். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் வேலை செய்த காலம் முழுக்க என் கிரேனுக்கு மாலை போட்டவன் நான்தான். சோறு போட்ட சாமானுக்கு மரியாதை செய்வதை எந்தப் போதகரும் தடுத்ததில்லை.

இப்போது அங்கே கிரேன் ஓட்டுகிற பிள்ளைகள் தரையில் நின்றே ஓட்டுகிறார்கள். இடுப்பில் ஒரு பெல்ட், பெல்ட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு ரிமோட் டப்பா. பொத்தானை அமுக்கினால் மேலே கிரேன் நகர்கிறது. கொடுத்து வைத்தவர்கள். வெக்கை கிடையாது, புகை கிடையாது, அவசரத்துக்கு பாட்டிலைத் தேட வேண்டியதில்லை. அப்படி ஓட்டுகிற பிரவீன் என்ற பிள்ளை, கிரேனில் தொங்குகிற பழைய ஆபரேட்டர் கூண்டைக் காட்டி என்னிடம் கேட்டான்.

"அண்ணே, அந்தக் கூண்டுல குந்திக்கினு நாளெல்லாம் இன்னா பண்ணுவீங்க? பேஜாரா இருக்காதா?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் நடந்ததற்குப் பிறகுதான் அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மேலே உட்கார்ந்து நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் தம்பி. என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு. அந்தக் கணக்கை என் மகள் எஸ்தர் ரொம்ப நன்றாகக் கற்றுக்கொண்டாள். அதனால் இருபது வருஷத்துக்கு மேலாக அவள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. அவள் ஒரு முறை, ஒரே ஒரு முறை, "அப்பா, எனக்கு இது வேணும்" என்று கேட்டுவிட மாட்டாளா என்று ஏங்கியே எனக்குத் தலை நரைத்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் அப்பா வரைக்கும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். சிப்காட் வந்த பிறகு எங்கள் தெருவே மில்லுக்குப் போனது. நானும் ஹெல்பராகப் போய் இரும்புச் சக்கை பொறுக்கி, கிரீஸ் அடித்து, மேலே இருந்த ஆபரேட்டருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்து, அவர் லீவு போட்ட நாட்களில் ஓட்டிப் பார்த்து, கடைசியில் நானே ஆபரேட்டர் ஆனேன். படிப்பு ஒன்பதாவது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் ஃபோர்மன் சுப்பராமய்யா. சூளூர்பேட்டைப் பக்கத்துக்காரர். எல்லாரையும் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். மேனேஜர்கூட நைனாதான். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அந்த ஷெட்டில் சத்தம் போட்டாலும் கேட்காது, அது வேறு விஷயம். அவருக்கு எல்லாப் பேச்சும் கையில்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நில். விரல்களைக் கீழ்ப்பக்கமாக ஆட்டினால் இறக்கு. கட்டைவிரலை மட்டும் லேசாக அசைத்தால், கோழி முட்டையை வைக்கிற மாதிரி வை என்று அர்த்தம். ஷிப்ட் தொடங்கும்போது ஏணிக்குக் கீழே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நாஷ்டா ஆச்சா நைனா?"

ஆகவில்லை என்றால் ஏற விடமாட்டார். பசியோடு இருக்கிறவன் கை அவசரப்படும் என்பார்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. எந்தச் சுமையாக இருந்தாலும் தூக்கியவுடனே போய்விடக் கூடாது. முதலில் ஒரு சாண் தூக்க வேண்டும். அப்படியே நிறுத்த வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, சங்கிலி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சுமை ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றால்தான் மேலே. "ஒரு சாணு தூக்கு, நிறுத்து, பாரு, அப்பறம் போ." மந்திரம் மாதிரி இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவசரம் என்று யாராவது இதை விட்டுவிட்டால், அவர் திட்டமாட்டார். சுமையைத் திரும்பத் தரையில் வைக்கச் சொல்லி, முதலிலிருந்து செய்யச் சொல்வார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எஸ்தருக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ஓர் ஆயுத பூஜைக்கு அவளையும் அவள் தம்பி சாமுவையும் மில்லுக்குக் கூட்டிப் போனேன். எஸ்தர் தலையை அண்ணாந்து கூண்டைப் பார்த்தாள்.

"அப்பா, நீ அதுல ஏறினா எப்ப இறங்குவே?"

"காலைல ஏறினா சோத்துக்குத்தான் இறங்குவேன். சோறு துன்னுட்டு ஏறினா ஷிப்ட் முடிஞ்சிதான்."

"அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி ஏறுவியா?"

"ஆமா. ரெண்டு ஏத்தம்."

வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அதற்கு அடுத்த வாரம் சாமு கடைத்தெருவில் ரிமோட் கார் வேண்டும் என்று மண்ணில் புரண்டான். அடிக்கக் கை ஓங்கினேன். அப்புறம் என்ன தோன்றியதோ, அவனைத் தூக்கி நிறுத்தி, "டேய், அந்தக் கார் அப்பாவுக்கு மூணு ஏத்தம்டா. மூணு வாட்டி அந்த ஏணில ஏறி, மூணு வாட்டி வெக்கைல குந்திக்கினு இருந்தாத்தான் அது வரும். வேணுமா?" என்றேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தான். "ரெண்டு ஏத்தத்துக்கு இன்னா வரும்?" என்றான். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவன் பிழைத்துக்கொள்வான் என்று.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரூபாய் என்ற பேச்சே குறைந்துவிட்டது. ஜியாமெட்ரி பாக்ஸ் அரை ஏத்தம். கிறிஸ்துமஸ் துணி தலைக்கு நாலு ஏத்தம். திருப்பாச்சூர்த் திருவிழாக் கடையில் பார்த்த பொம்மை ஒன்றரை ஏத்தம், வாங்கின மறுநாளே கை உடைந்துபோனதால் வீண் ஏத்தம். என் மனைவி ஸ்டெல்லா கூட, "இந்த மிக்சிய அஞ்சு வருசமா ஏத்தம் ஏத்தம்னே ஓட்டிக்கினு இருக்காரு, ஏறினபாடு இல்ல" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். எங்களிடம் அளக்க இருந்தது இந்தப் படி ஒன்றுதான்.

சுப்பராமய்யாவின் சட்டத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏதாவது பிடித்திருந்தால் உடனே வாங்கக் கூடாது. ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். அதாவது ஒரு வாரம் பொறுத்து, இன்னும் வேண்டும் போல இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி ஆசை அந்த ஒரு வாரத்தில் தானாகவே கீழே இறங்கிவிடும். இறங்காமல் நிற்கிற ஆசைக்குத்தான் ஏத்தம்.

அதிலும் ஒரு பிரிவு உண்டு. ஷிப்ட் ஏத்தம் அரிசிக்கும் வீட்டுச் சீட்டுக்கும். ஓ.டி. ஏத்தம் ஆசைக்கு. ஓவர்டைம் பார்த்தால் சாயங்காலம் நாலு மணிக்கு கேன்டீனில் ஒரு பன்னும் டீயும் தருவார்கள். டீயை நான் குடித்துவிடுவேன். பன்னை வீட்டுக்குக் கொண்டுபோவேன். உள்ளே இனிப்புத் தேங்காய்ப் பூ வைத்த பன். கேன்டீன் சாமான் என்றால் பிள்ளைகளுக்கு என்ன ருசியோ தெரியவில்லை, கடையில் அதே பன்னை வாங்கிக் கொடுத்தால் தொடமாட்டார்கள். பாதி சாமுவுக்கு, பாதி எஸ்தருக்கு. பூ அதிகம் இருக்கிற பக்கம் யாருக்கு என்று தினமும் பஞ்சாயத்து நடக்கும்.

எஸ்தர் ஒன்பதாவது போனபோது பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டது. ரயில்வே கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, லாரிப் புழுதியில் நடந்து போக வேண்டும். ஒரு நாள் வந்து என் எதிரில் நின்றாள்.

"அப்பா, எனக்கு சைக்கிள் வேணும்."

"ஒரு சாணு தூக்கிப் பாத்தியா?"

"ஒரு மாசமா நிறுத்திப் பாத்துட்டேன்பா. இறங்கவே இல்ல."

அப்படிச் சொன்ன முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜடையை முன்னால் போட்டுக்கொண்டு, வக்கீல் மாதிரி நின்றாள். கணக்குப் போட்டோம். புது லேடீஸ் சைக்கிள், முன்கூடையோடு, முப்பது ஓ.டி. ஏத்தம். ஓ.டி. எல்லா நாளும் கிடைக்காது. கிடைக்கிற நாளில் ஷிப்ட் முடிந்ததும் மறுபடியும் ஏறினால் இரண்டு ஏத்தம் சேரும். சரி என்றேன்.

அதற்குப் பிறகு நான் ஓ.டி. முடிந்து வீட்டுக்கு வருகிற நாட்களில் எஸ்தர் வாசலில் நின்று ஒரு எண்ணைச் சொல்வாள். "வாப்பா" என்று சொல்லமாட்டாள். "நாலு." அடுத்த முறை, "ஆறு." என் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதுமே, "எட்டு!" என்று கத்துவாள். எட்டு மணி நேரம் வெக்கையில் இருந்துவிட்டு மேலும் எட்டு மணி நேரம் இருந்தவனுக்கு உடம்பு எப்படி இருக்கும்? அந்த எண்ணைக் கேட்டால் எனக்குப் பாதி வலி போய்விடும். பொய் சொல்லவில்லை. பிள்ளைக்காக உழைக்கிறோம் என்று எல்லா அப்பனும்தான் சொல்கிறான். உழைக்க உழைக்க, இவ்வளவு ஆச்சு என்று வாசலில் நின்று சந்தோஷமாகச் சொல்ல எத்தனை பேருக்கு ஆள் இருக்கிறது?

எண் இருபதைத் தாண்டிய பிறகு ஒரு நாள். ஷிப்ட் முடித்து ஓ.டி.க்கு மறுபடியும் ஏறியிருந்தேன். கேன்டீன் பன்னைக் காகிதத்தில் சுற்றி, கேபின் ஜன்னலோரம் வைத்திருந்தேன். பொழுது சாயும் நேரம். உலையிலிருந்து உருகிய இரும்பை லேடிலில் ஊற்றியாகிவிட்டது. லேடில் என்றால் ஆள் உயரத்துக்கு இருக்கிற பெரிய வாளி, உள்ளே சுட்ட செங்கல் பதித்தது. ஒரு சாண் தூக்கினேன், நிறுத்தினேன், பார்த்தேன், போனேன். பாதி வழியில் கரண்ட் போனது.

கரண்ட் போனால் கிரேனின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் லேடில் விழாது. ஆனால் நகரவும் நகராது. தொங்கியபடியே இருந்தால் இரும்பு உறைந்து லேடில் வீணாகும். அதுகூடப் பரவாயில்லை, கம்பெனியின் பாடு. உள்ளே செங்கல் எங்காவது விட்டுக்கொடுத்தால் அத்தனை இரும்பும் மேலேயிருந்து கீழே கொட்டும். ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும்தான். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு ஒரு வழி உண்டு. கிரேனின் உச்சியில் ஏறி, பிரேக் இருக்கிற இடத்துக்குப் போய், கம்பி வைத்துக் கையால் பிரேக்கைத் துளித் துளியாகத் தளர்த்தினால் சுமை தன் எடையிலேயே இறங்கும். கொஞ்சம் அதிகமாகத் தளர்த்தினால் ஓடிவிடும். அந்த நேரத்தில் மேலே இருந்த ஒரே ஆள் நான்.

கீழே பார்த்தேன். சுப்பராமய்யா எல்லாரையும் ஷெட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டிருந்தார். அவர் மட்டும் நின்றார். உச்சியிலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து, லேடிலுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்துக் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. தண்ணீர் குடி என்கிறார்! குடித்தேன். சீட்டில் கிடந்த கோணிப்பையை மிச்சத் தண்ணீரில் நனைத்துத் தலையிலும் தோளிலும் போட்டுக்கொண்டு ஏறினேன்.

அந்த வெக்கையை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. லேடிலுக்கு நேர் மேலே நிற்கிறேன். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் எரிகிறது. கோணி காய்ந்து மொறமொறவென்று ஆகிவிட்டது. கம்பியை வைத்து லேசாக அழுத்தினேன். லேடில் ஒரு சாண் இறங்கியது. அவர் உள்ளங்கை விரிந்தது. நிறுத்தினேன். அவர் லேடிலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். விரல்கள் ஆடின. அழுத்தினேன். ஒரு சாண். உள்ளங்கை. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். அன்றைக்கு முழம் சறுக்கினால் அவர் இல்லை, நானும் இல்லை. எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது, அந்த மனிதர் அங்கே நின்றதால்தான் ஓடவில்லை. கடைசியில் அவர் கட்டைவிரல் லேசாக அசைந்தது. முட்டையை வைப்பது போல வைத்தேன்.

இறங்கி வந்தபோது புருவம் பொசுங்கியிருந்தது. கைகள் சிவந்து கொப்புளம் கட்டத் தொடங்கியிருந்தன. மருந்து போட்டுவிட்டு அவர் தன் கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்தார்.

"போ நைனா. ஊட்டுக்குப் போ. மீதி நேரத்தையும் ஓ.டி.யாவே போட்டுக்குறேன்."

மறக்காமல் கேபினுக்கு ஏறிப் பன்னை எடுத்துக்கொண்டு வந்தேன். அது வெக்கையில் காய்ந்து ரஸ்க் மாதிரி ஆகியிருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

வாசலில் எஸ்தர், "இருபத்தாறு!" என்றாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். "இன்னாபா, புருவம் இன்னா ஆச்சு?" லேசாகப் பொறி பட்டுவிட்டது என்றேன். பன்னைக் கடித்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாபா இது, கேன்டீன்காரன் சுட்டு குடுத்தானா? கடக்கு முடக்குன்னு இருக்குது!" பூ நிறைய இருக்கிற பக்கத்தை அன்றைக்கு அவளே தின்றாள். சாமுவோடு சண்டை போட்டு வாங்கித் தின்றாள்.

மறுநாள் காலையில் நாஷ்டா நேரத்துக்கு கோபால் வந்தான். கீழே சங்கிலி மாட்டுகிற வேலைக்காரன், நல்லவன், வாய் மட்டும் சும்மா இருக்காது. ஸ்டெல்லாவுக்கு நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினான். கோணியைத் தலையில் போட்டுக் காட்டினான். "ஒரு இன்ச்சு பிசகியிருந்தா உன் புருசன் எலும்புகூட கெடச்சிருக்காது அண்ணி. கேபின்ல தண்ணி பாட்டிலு உருகிப் போச்சுன்னா பாத்துக்கோ!" நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவன் எங்கே பார்த்தான்? உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த எஸ்தர் சீப்போடு வந்து கதவருகே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பன் சுற்றி வந்த காகிதம் ஜன்னலில் இருந்தது. அதையே பார்த்தாள்.

பத்து நாள் கழித்து மறுபடியும் ஓ.டி. பார்த்துவிட்டு வந்தேன். தெருமுனையில் வழக்கத்தைவிட இரண்டு முறை அதிகமாகவே மணி அடித்தேன். வாசலில் யாரும் இல்லை. உள்ளே போனேன். படித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்து, "வாப்பா" என்றாள். அவ்வளவுதான். எண் இல்லை. பன்னை நீட்டினேன்.

"தம்பிக்கே முழுசா குடுத்துடுப்பா."

"ஏம்மா? எத்தினி ஆச்சு, சொல்லு."

"எனக்கு சைக்கிள் வேணாம்பா."

"ஒரு மாசம் நிறுத்திப் பாத்தேன், இறங்கலன்னியே?"

"இறங்கிடுச்சுபா."

நான் என்னென்னவோ சொன்னேன். அது நடந்து முடிந்துவிட்டது என்றேன், தினமுமா கரண்ட் போகும் என்றேன், கோபால் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வான் என்றேன். அவள் கோபப்படவில்லை, அழவில்லை. "நடந்து போனா ஃப்ரெண்ட்ஸோட பேசிக்கினு போலாம்பா" என்றாள். ஸ்டெல்லா, "நீ வாங்கி நிறுத்துய்யா, தானா ஓட்டுவா" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போய் நீல நிறத்தில் ஒரு லேடீஸ் சைக்கிளைப் பார்த்தேன். பின்சக்கரத்தை ஒரு சாண் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். நன்றாகத்தான் சுற்றியது. ஆனால் அவள் அதில் ஏறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை ஆயிற்றே. வாங்காமல் வந்துவிட்டேன்.

பொருளின் விலை அப்பனின் உடம்பில் இருந்து போகிறது என்று பிள்ளைக்குச் சொல்லித் தந்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்கும் சொல்லமாட்டேன். சொல்லித் தராமல் வளர்த்தவர்கள் பிள்ளைகள் செல்போனுக்காக அப்பன் சட்டையைப் பிடிப்பதையும் பார்க்கிறேன். ஆனால் ஒரே படியில் அளந்து கொடுத்தாலும் இரண்டு வயிறு ஒன்றாக இருப்பதில்லை. சாமு கேட்டுக்கொண்டே இருந்தான். பேட் கேட்டான், பூட்ஸ் கேட்டான், வேலைக்குப் போன பிறகும் பெட்ரோலுக்குக் கேட்கிறான். "அரை ஏத்தம் குடு நைனா" என்று என் ஃபோர்மன் மாதிரியே பேசி வாங்கிக்கொண்டு போவான். எஸ்தர் மட்டும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் துணிக்குக் கடைக்குப் போனால் இருப்பதிலேயே விலை குறைந்ததைத் தடவிப் பார்த்து, இதுதான் பிடித்திருக்கிறது என்பாள்.

பதினொன்றாவது போனபோது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுத்தது. அவள் அதைத் தெருவில் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி மணியை அடி அடி என்று அடித்தாள்.

"அப்பா, வந்து பாரு! இதுக்கு ஏத்தமே இல்லபா!"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் கை தட்டினேன். பிறகு முகம் கழுவுகிற மாதிரி பின்பக்கம் போய்விட்டேன். அரசாங்கம் என்னை முந்திக்கொண்டது. அதற்காக அழுத அப்பன் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சுப்பராமய்யா ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய், அங்கேயே இறந்தார். நான் அதே கூண்டில் ஏறி இறங்கி, வயதாகி வெளியே வந்தேன். எஸ்தர் லேப் டெக்னீஷியன் படித்து சென்னையில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள். திருநின்றவூரில் வீடு, தினமும் ரயில். எனக்குச் செல்போன் வாங்கிக் கொடுத்தாள், ஸ்டெல்லாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணி வைத்தாள். "உனக்கு இன்னாம்மா வேணும்?" என்று நான் கேட்டால், "இன்னாபா வேணும் எனக்கு? எல்லாம் இருக்குதே" என்பாள். வேண்டாம் என்று சொல்வதற்கு அவளிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது.

போன ஆயுத பூஜைக்கு முன்தினம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னப் பேத்தி ரூத் டிவியில் பார்த்த ஏதோ பொம்மை வீடு வேண்டும் என்றாள். எஸ்தர் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, "அதுக்கு அம்மா எத்தினி வாட்டி ட்ரெயின்ல போய்ட்டு வரணும் தெரியுமா? நாலு வாட்டி. கூட்டத்துல நின்னுக்கினு" என்றாள். ஏத்தம் ரயிலாகிவிட்டது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ரூத் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி. போய்ட்டு வா. நான் வெயிட் பண்றேன்."

நானும் எஸ்தரும் வெடித்துச் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கிய பிறகு எஸ்தர் சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்தாள்.

"இவ இப்டி சொல்றப்ப கஷ்டமாவே இல்லப்பா. போய்ட்டு வரலாம்னுதான் தோணுது."

"எனக்கும் அப்டித்தாம்மா இருந்துது."

அவள் கட்டையை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, நாளைக்கு லீவுதான், நானும் மில்லுக்கு வருகிறேன் என்றாள்.

வந்தாள். பிரவீன் பேசிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில்தான் நின்றாள். பழைய கூண்டு துருப்பிடித்து இன்னும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் வெட்டி எடுத்துவிடுவார்களாம். எஸ்தர் பிரவீனிடம், "தம்பி, நான் ஒரு வாட்டி ஏறிப் பாக்கலாமா?" என்று கேட்டாள். லைனில் கரண்ட் இல்லை, எல்லாம் நிறுத்தியிருந்தது. அவன் சேஃப்டி ஆபீசரிடம் கேட்டு, ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டி, பின்னாலேயே ஏறினான்.

ஏணியில் அவள் ஒவ்வொரு படியாகப் போனாள். பாதியில் நின்று கீழே பார்த்தாள். என்னை அறியாமல் கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்தேன். அவள் நின்றாள். பிடியைச் சரியாகப் பிடித்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, ஏறு என்று விரலை ஆட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், சுப்பராமய்யா நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கூண்டுக்குள் போய் என் சீட்டில் உட்கார்ந்தாள். பழைய லீவர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். இறங்கி வந்தபோது கையெல்லாம் கிரீஸ், சுடிதாரிலும் கறுப்பு. கண் கலங்கியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே என் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, எனக்கு ஒரு ஏத்தம் ஆச்சு."

"ஆமாம்மா."

"எனக்கு பன்னு வேணும்."

கேன்டீனில் இப்போது பன் கிடையாது, பிஸ்கட் பாக்கெட்தான் என்று பிரவீன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எங்கே கேட்டேன்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்துவிட்டேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பேக்கரி உண்டு. அன்றைக்கு அதிலும் மாவிலை கட்டி, சந்தனம் பூசியிருந்தார்கள். தேங்காய்ப் பூ வைத்த பன் இருந்தது. ஒன்று வாங்கி அவள் கையில் கொடுத்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்த அந்த ரோட்டோரத்தில், கிரீஸ் கையோடு நின்றுகொண்டு, இரண்டு பிள்ளை பெற்ற வயதில் அதை முழுசாகத் தின்றாள். உதட்டில் ஒட்டிய பூவை நாக்கால் எடுத்தாள். பிறகு காலிக் கையை என் முன்னால் நீட்டினாள்.

"இன்னொண்ணு வாங்கிக் குடுப்பா."

வாங்கப் போனேன்.